காற்றுப் பிடிக்கும் வேலைக்கு வராதே

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் மூச்சோடு இருக்கிறோம். அங்கு நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

"அத்தான், எனக்கும் அங்கயே ஒரு வேலை பாத்து வைங்க" என்று எழுதியிருந்தாய். வராதே. மற்றவர்களுக்கு ஜாதகத்தில் கிரகம் சரியில்லை. எனக்குக் காலடியில் இருக்கிற கிரகமே சரியில்லை. இங்கே வெளியில் இருப்பது பேருக்குத்தான் காற்று, மூச்சுவிட ஆகாது. அதை இழுத்துப் பனியாகத் தட்டில் படிய வைத்து, கதவை அடைத்துச் சூடேற்றினால் மறுபடி காற்றாகி, தொட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கும். அதிலிருந்துதான் அடுத்த அறை இயந்திரம் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவைப் பிரித்துத் தரும்.

காற்றோடு தூசியும் வருவதால் வாயிலில் ஒரு வடிகட்டி. அது அடைத்துக்கொண்டால் தொட்டிக் காற்றையே திருப்பி ஊதித் தள்ள வேண்டும். சேர்த்ததைச் செலவழித்துச் சேர்க்கிற பிழைப்பு. ஷிப்டு முடிந்ததும் நான் ஊதிவிட்டுப் போவேன். அடுத்த ஷிப்டுக்காரர், துடைப்பம் என்று பேர் வாங்கியவர், என்மேல் நம்பிக்கை இல்லாமல் வந்ததும் ஊதுவார், போகும்போதும் ஊதுவார், அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் நான் வந்து ஊதுவேன், வடிகட்டி பளபளத்தது, மேலதிகாரி பாராட்டினார், தொட்டி மட்டும் இறங்கிக்கொண்டே போனது, இயந்திரக் கோளாறு என்று அதைப் பிரித்துப் போட்டோம், மாட்டும்போது இரண்டு திருகு மிச்சம். கடைசியில் ஒருநாள் இருவரும் ஒரே குழாயில் கைவைத்தோம்.

"நீங்களுமா ஊதுறீங்க?" என்றார்.

"பின்ன, உங்கள நம்பி உக்காரச் சொல்றீங்களா?" என்றேன்.

இருவரும் தொட்டியின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தோம். குழாயை இறுக மூடினோம். இனிப் பேசினாலும் காற்றுச் செலவு.

இப்போது அறைக்கு ஒரு சிலிண்டர் என்று பங்கு வைத்துவிட்டார்கள். ஓடக் கூடாது, பாடக் கூடாது. உன் அக்காளும் நானும் சைகையிலேயே சண்டை போடுகிறோம். அதிலும் அவளே ஜெயிக்கிறாள். பக்கத்து அறைச் சமையல்காரர் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். இருதயம் என்றார் டாக்டர். துடைப்பமும் நானும் தலை நிமிரவில்லை. அவருடைய சிலிண்டரை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். என் பங்கு எனக்கு உள்ளே இறங்க மறுக்கிறது. பயமாகவும் இருக்கிறது. புதிதாக வருகிறவனுக்குத் தொட்டி நிறையும்வரை பங்கு கிடையாது. சொந்தக்காரர்கள்தான் தங்களுடையதில் கொடுக்க வேண்டும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், வராதே. அங்கே எந்த வேலை கிடைத்தாலும் செய். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கு. சகல சௌக்கியங்களோடும் நெடுங்காலம் வாழ்வாயாக.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை அனுப்பப் போன இடத்தில் அலுவலகக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பதிலுக்குக் காத்திராமல் நீ விண்கப்பல் ஏறிவிட்டாயாம். பாதி வழி தாண்டிவிட்டாயாம், திரும்ப வசதியில்லையாம். ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர். உன் அக்காளிடம் சொல்லலாம் என்று வந்தால் அவள் படுத்துக் கிடந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க. நடமாடாம கெடந்தா சிலிண்டர்ல கொஞ்சம் மிச்சமாகும். தம்பி வந்தா வேணுமே" என்றாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.