பெனிதா நீலம் பூசாமல் விட்ட கடல்

சுரங்கத்து மாதாவின் படத்துக்கு முன்னே மெழுகுவத்தி ஏற்றிக் கைகூப்பி நின்று, ருஃபினோ அந்த ஞாயிறன்று ஒரு சங்கற்பம் செய்துகொண்டான். இனி எந்தப் பிள்ளையின் வரலாற்று வீட்டுப்பாடத்தையும் தன் கை தீண்டாது. பிற்பகலில் மினிபஸ் ஓட்டுநர் சங்கத்தின் கால்பந்து இறுதி ஆட்டம். கோல் காப்பவன் அவன். ஒரூரோ நகரமே தன்னை நம்பி மூச்சுவிடுவதாக அவனுக்கு ஓர் எண்ணம்.

"அப்பா, கடல் தினத்துக்கு நாளைக்கு நம்ம நாட்டோட மாதிரி வடிவம் பலகையில செஞ்சு கொண்டுபோகணும்," என்றாள் மகள் சுல்மா. "சமூக அறிவியல்ல போன தடவையே ஃபெயில்."

"நீயே செய்யி கண்ணு. அப்பா விரதம்."

"விரதமா? இப்பத்தானே நாலு சல்தேனியா உள்ள போச்சு?" என்றாள் அவன் மனைவி பெனிதா.

"கைக்குத்தான் விரதம். வாய்க்கு இல்ல."

"சரிங்க. நீங்க ஆட்டத்துக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் இத்தனை சாந்தமாகப் பேசியபோதே அவன் அஞ்சியிருக்க வேண்டும். அஞ்சவில்லை, ஒரு காலில் பூட்ஸை மாட்டினான். பெனிதா பலகைமேல் காகிதக் கூழைப் பிசைந்து அப்பினாள். மலைகள் எழுந்தன, உப்புப் பாலை விரிந்தது. எங்கும் பழுப்பைப் பூசிவிட்டுத் தூரிகையைக் கழுவி வைத்தாள்.

"என்னடி இது? நம்ம கடல் எங்க?"

"அதான் பக்கத்து நாட்டோட சண்டையில போயி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே. இல்லாத கடலுக்கு எதுக்குங்க நீலத்த வீணாக்கணும்?"

ருஃபினோ மற்ற பூட்ஸைக் கீழே போட்டான். கடலை இழந்த பின்னும் கடற்படையைக் கலைக்காத நாட்டில் பிறந்தவன் அவன்.

"அந்தோஃபகஸ்தா துறைமுகமாவது வெச்சியா?"

"இதோ," என்று மலையுச்சியில் ஒரு மொச்சையைப் பதித்தாள்.

"கப்பல் என்ன, பொதி சுமக்கிற லாமா மேல ஏறியா வரும்?"

"அஞ்சாங் கிளாஸ் படிச்சவளுக்கு என்னங்க தெரியும்? உங்களுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

"தள்ளு அந்தப் பக்கம்."

ஒற்றைப் பூட்ஸோடு மண்டியிட்டான். பாற்கடலைக் கடைந்த தேவரும் அசுரரும் சேர்ந்து பட்ட பாட்டை அவன் ஒருவனே பட்டு, நீலம் குழைத்தான். சுல்மா கேட்கக் கேட்க, வெடியுப்புக்கு விதித்த வரியால் போர் மூண்டதையும் கரை பறிபோனதையும் சொன்னான். புத்தகத்தைத் திறவாமலே அவள் அத்தனையையும் திருப்பிச் சொன்னபோது, அவனையறியாமல் அவன் முகம் மலர்ந்தது.

"கடல் திரும்பி வருமாப்பா?"

"வரும். அதனாலதான் ஓரம் வரைக்கும் பூசணும்."

தொலைவில் மைதானம் ஆர்ப்பரித்தது. யாரோ கோல் போட்டிருந்தார்கள். தூரிகை நிற்கவில்லை.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். பெனிதா திறந்தாள். சுல்மாவின் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பலகையோடு தெருமுனை வரை வரிசையாக நின்றிருந்தார்கள்.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே, உள்ள வாங்க," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பலகையில கடல் இல்லன்னு மட்டும் மாமாகிட்ட சொல்லுங்க. மத்தத அவரே பாத்துப்பார்."