பல்லில்லாத சம்மாட்டிக்கு விலா எலும்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே மாட்டின் விலா எலும்புக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர், எங்கள் குருநகர் ஒழுங்கையில் இருந்த ஸ்பிறிங் அண்ணைதான். மற்றவர்கள் அதைச் சூப்புக்குப் போட்டார்கள், இல்லையென்றால் நாய்க்குப் போட்டார்கள். அவர் அதைப் பார்க்கக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டினார்.

தொழில், மணிக்கூடு திருத்துவது. ஞானஸ்நானப் பெயர் என்னவென்று பங்குச் சாமியாருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். 1990 கடைசியில், ஒரு சுவர் மணிக்கூட்டின் உதிரிப்பாகத்தைச் சுற்றியிருந்த வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளில், தணலில் வாட்டிய விலா எலும்பின் படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. செய்முறை இருந்த பாதி கிழிந்து போயிருந்தது. “பாதி மணிக்கூடு கிடைச்சாலே நான் ஓட வைப்பன். உது பெரிய வேலையோ?” என்றார்.

பெரிய வேலைதான். முதல் தடவை சுட்டதைச் சாப்பிட்ட நாளில் என் நாட்குறிப்பில் ‘தாடை வலி’ என்று இருக்கிறது. மறுநாளும் அதுவே. இரண்டாம் தடவை வெளியே கரி, உள்ளே இரத்தம். ஐந்தாம் தடவைக்குப் பிறகு ஒழுங்கை நாய்கள்கூட அவர் வாசலைச் சுற்றிக்கொண்டு போயின. ஏழாம் தடவையோடு அவருக்கு ஒன்று பிடிபட்டது. தணல் மந்தமாக இருக்கவேண்டும், சும்மா சும்மா மூடி திறக்கக் கூடாது, அவசரமே கூடாது. மணிக்கூட்டுச் சாமணத்தால் எலும்பின் பின்பக்கத்துச் சவ்வை ஒரே இழுவையில் உரிப்பார். புளித்த கள்ளு வினாகிரியும் மிளகும் வறுத்த மிளகாய்த் தூளும் குழைத்து, சில்லுகளைத் துடைப்பதற்கென்று வாங்கிய புதுத் தூரிகை ஒன்றால் பூசுவார். அரைவாசியில் வாழையிலையில் சுற்றி, பாதியாக வெட்டிய தகரப் பீப்பாயான பரலுக்குள் சிரட்டைத் தணலுக்கு மேல் திரும்ப வைத்து மூடுவார்.

இந்தத் தவம் எல்லாம் ஒரே ஒரு வாய்க்காக. அது அவருடைய மாமனாரின் வாய்.

மாமனார் சம்மாட்டி, மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். கடலுக்குப் போகாதவனைத் தன் மகள் ரெஜினா கட்டிக்கொண்டாள் என்று, 1983இல் நடந்த கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. மருமகனோடு நேரே கதைப்பதும் இல்லை. 1992இல் பேத்தி கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மை நாள் வந்தது. “பிள்ளைக்காக வாறன். ஆனால் உவன்ரை வீட்டிலை கை நனைக்கமாட்டன்” என்று சொல்லியனுப்பினார்.

ஸ்பிறிங் அண்ணை விலா எலும்பு வாங்கப் புறப்பட்டார். ரெஜினா அக்கா தலையில் கைவைத்தார்.

“அப்பாவுக்கு வாயிலை ஒரு பல்லும் இல்லை. அவருக்குப் போய் எலும்பு குடுக்கப் போறியளோ? நக்கல் எண்டெல்லோ நினைப்பார்!”

“பல்லே தேவைப்படாத எலும்பு, ரெஜினா. இந்தமுறை அவர் சாப்பிடாட்டில் இனி எண்டைக்கும் சாப்பிடமாட்டார்.”

முதல் நன்மை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பரல் மூடப்பட்டது. அவர்கள் பூசைக்குப் போக, நான் காவல். ஒன்பது மணிக்கு ஸ்பிறிங் அண்ணை வந்து இலையில் சுற்றினார். சம்மாட்டியார் முற்றத்துக் கதிரையில், வெயிலைப் பார்த்தபடி, விருந்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்ற மாதிரி இருந்தார். பத்தரைக்கு வானத்தில் இரைச்சல் கேட்டது. குண்டு போடும் பொம்பர்.

பக்கத்து வீட்டுத் திரேசம்மா மாமி வாளியோடு வேலிக்கு மேலால் எட்டினார். “டேய் ஸ்பிறிங்கு! உந்தப் புகையை நூரடா! மேலை நிக்கிறவனுக்கு அடையாளம் காட்டுறியோ?”

“தண்ணி மட்டும் ஊத்தாதேங்கோ மாமி! நாலு மணித்தியாலம் வீணாப் போயிடும்!”

“ஊரே போகப் போகுது, நீ மணித்தியாலம் எண்ணுறாய்!”

வாழ்க்கையில் அவர் ஓடியதை நான் கண்டது அன்றைக்கு ஒருநாள்தான். காற்றுத் துளைகளைச் சேற்றால் அடைத்தார். ஈரச்சாக்குகளைப் போட்டார். அதற்கு மேல் நானும் அவரும் கடல் மணலை அள்ளிக் கொட்டினோம். புகை நின்றது. எல்லோரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் விழுந்தோம். உள்ளே மருமகனும் மாமனாரும் முழங்காலோடு முழங்கால் முட்டியபடி.

பொம்பர் போவதும் வருவதுமாக இரண்டு மணித்தியாலம் கழிந்தது. சம்மாட்டியார் மகளிடம் கேட்டார்: “உவன் ஏன் ஒரேயடியாய்க் கையைப் பாக்கிறான்?”

“நேரம் பாக்கிறார் அப்பா.”

“பொம்பர் போறதுக்கோ?”

“இல்லை. எலும்புக்கு.”

அந்த இருட்டிலும் கிழவரின் தோள் குலுங்கியதைக் கண்டேன். இருமல் என்றுதான் பிறகு சாதித்தார்.

வெளியே வந்தபோது பசியில் எல்லோருக்கும் கண் மங்கியது. ஆனாலும் ஸ்பிறிங் அண்ணை மணலை நீக்கிவிட்டு, “இன்னும் பத்து நிமிசம் ஆறட்டும்” என்று மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். திரேசம்மா மாமி அவரைத் திட்டிய வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் போடாது. ஒரு மணிக்கு மூடி திறந்தது. எலும்பின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். வெறும் எலும்பு மட்டும் கையோடு வந்தது. இறைச்சி இலையிலேயே கிடந்தது. ஸ்பிறிங் அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. குழைந்து பழுதாகிவிட்டது என்று நினைத்தார், பாவம். அடைபட்ட தணலின் வெக்கை அவரைவிட நன்றாகச் சமைத்திருந்தது.

ரெஜினா அக்கா ஓர் இறைச்சித் துண்டை வைத்துச் சாப்பாட்டுக் கோப்பையைத் தகப்பனிடம் நீட்டினார். சம்மாட்டியார் வேண்டாம் என்று கையைத் தூக்கினார். அதற்குள் மணம் மூக்குக்குப் போயிருக்க வேண்டும். தூக்கிய கை கீழே இறங்கி, கோப்பைக்குள் போனது. வாயில் வைத்தார். முரசால், வெறும் ஈறால், ஒருதரம் அழுத்தினார். கண்ணை மூடினார். ஒழுங்கை முழுவதும் வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தது.

“மருமோன், உதுக்கு என்ன போட்டனீர்?”

“ஆறரை மணித்தியாலம் போட்டனான், மாமா.”

“அப்ப இன்னொரு துண்டு போடும்.”

அன்றைக்கு அவர் ஐந்து துண்டு சாப்பிட்டார். ஸ்பிறிங் அண்ணை ஒன்றும் சாப்பிடவில்லை. குசினி வாசலில் சாய்ந்து நின்று, நின்றுபோன மணிக்கூடு ஒன்று ஓடத் தொடங்குவதைப் பார்ப்பவர்போல், அந்தப் பல்லில்லாத வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வைதான் என்று சொல்லி முகத்தைத் துடைத்தார். எனக்கும் அப்போது வியர்த்தது.