சகலை செய்த விமானம்

இறக்கை கையோடு வந்துவிட்டது.

பல்செட்டுக்காரர் சிலையாக நின்றார். வலது கையில் இறக்கை, இடது கையில் விமானம். ஒரு நொடிக்கு முன்புவரை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர் அழுத்தவில்லை, முறுக்கவில்லை. "அப்படி என்னதான் செஞ்சு கிழிச்சிருக்கான்" என்று ஷோகேஸைத் திறந்து ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அது அவருடைய சகலையின் வீடு. சகலை குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி மச்சினிதான் இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். செடிகள் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. இவர் நேராக ஷோகேஸுக்குத்தான் வந்தார்.

விமானமும் சாதாரண விமானம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் வேவு பார்ப்பதற்காக ஜெர்மானியர்கள் செய்து பார்த்த ஒரு விசித்திரத்தின் மாதிரி. எல்லா விமானத்துக்கும் உடம்பு நடுவில் இருக்கும். இதற்கு என்ஜினும் வாலும் சேர்ந்த நீளமான உடம்பு இடப்பக்கம். ஆட்கள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு தனியாக வலப்பக்கம். வாலில் சிறகும் ஒரு பக்கம்தான். பல்வலியில் ஒரு கன்னம் மட்டும் வீங்கிய ஆளைப் போல இருக்கும். ஆனாலும் நேராகப் பறந்ததாம். அதைச் சகலை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, "மரத்தைச் செதுக்கி நானே செஞ்சேன், எல்லாம் பொறுமைதான்" என்று அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். பல்செட்டுக்காரரால் தாங்க முடியாதது அந்தக் குனிவுதான்.

ஊரில் பாதிப் பேர் வாயில் இருக்கும் பல்செட் இவருடைய கைவேலை. யாராவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா? "சின்ன மாப்பிள்ளை கை சாதாரணக் கையா!" என்று மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அந்தப் பல் அத்தனையும் பெரிய மாப்பிள்ளையான இவர் கட்டிக்கொடுத்தது.

"சரி, பதறக்கூடாது" என்று பல்செட்டுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையில் எப்போதும் இருக்கும் பசையை எடுத்து ஒரு சொட்டு வைத்து இறக்கையை ஒட்டினார். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுப் பார்த்தால், பசையின் ஆவி பட்டுக் கண்ணாடிக் கூண்டு முழுவதும் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. கண்ணில் புரை விழுந்த மாதிரி.

துடைத்தார். போகவில்லை. பல்செட் பிளாஸ்டிக்கைக் குழைக்கும் திரவம் பையில் ஒரு புட்டி இருந்தது. பஞ்சில் தொட்டுத் துடைத்தார். வெள்ளை போனது. கூடவே, பிளாஸ்டிக்தானே, கூண்டும் இளகி, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி சாய்ந்தது.

லேசாகச் சூடு காட்டி நிமிர்த்திவிடலாம் என்று மச்சினியின் தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்து வந்தார். கூண்டு நிமிரவில்லை. பெயின்ட் கொப்புளித்தது. ஒட்டியிருந்த இறக்கை மறுபடி விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது அதன் மேலேயே காலை வைத்தார்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, செடிக்குத் தண்ணி ஊத்தப் போனவர காணவே காணோம்?"

"செடி நிறைய இருக்கு."

"மொத்தமே நாலஞ்சு தொட்டிதானே?"

"தாகம் ஜாஸ்தி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செத்துப்போன விமானத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தன் பட்டறைக்கு நடந்தார். பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை அது. மேசை மேல் வரிசையாகப் பல் அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, உடைந்த துண்டுகளைப் பொருத்தி வைத்து அளவு எடுத்தார். சகலை ஊரிலிருந்து திரும்புவதற்குள் இன்னொன்று செய்து வைத்துவிட வேண்டும். வேறு வழியில்லை.

மரவேலை அவருக்கு வராது. தெரிந்ததை வைத்துத் தொடங்கினார். ஈறு செய்யும் ரோஜா நிறப் பிளாஸ்டிக்கில் உடம்பு வார்த்தார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் போடும் ஒளி ஊடுருவும் உறை இருக்கிறதே, அதே தகட்டைச் சூடாக்கி இழுத்துக் கண்ணாடிக் கூண்டு செய்தார். பழக்கதோஷம், வாலின் மறுபக்கத்துக்கும் ஒரு சிறகு வைத்துவிட்டார். இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே என்றுதானே ஆயுசு முழுக்கப் பல் அடுக்கியிருக்கிறார்! பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதை அராவி எடுத்தார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? யாரோட தாடை?"

"புது மாடல் டாக்டர்."

"ஒரு பக்கம் பயங்கரமா வீங்கியிருக்கே. எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

டாக்டராவது பரவாயில்லை. பல்லுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் நேராக உள்ளேயே வந்துவிட்டார்.

"என் பழ்ழு எங்கய்யா?"

"இறக்கை காயட்டும் சார், உடனே உங்களுதுதான்."

"பழ்ழுக்கு எதுக்கு இழக்கை?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் வேலை மட்டும் அற்புதமாக வந்துகொண்டிருந்தது. கூண்டின் ஜன்னல் சட்டங்களைப் பல்லுக்குக் கம்பி வளைக்கும் குறட்டால் வளைத்துப் பதித்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் கோடு தெரியாமல் தேய்க்கிற கை, இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் கோடு தெரியாமல் தேய்த்தது. சாம்பல் பச்சை பூசி முடித்தபோது, உண்மையிலேயே எங்கேயோ வேவு பார்த்துவிட்டு வந்து இறங்கியது போல அது மேசையில் நின்றது.

பல்செட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான ஒன்றைச் செய்து, கொண்டுபோய்ச் சகலையின் ஷோகேஸில் வைக்க வேண்டும்!

வைத்தார். செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஒன்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

சகலை திரும்பிவந்த அன்று சாவி கொடுக்கும் சாக்கில் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். சகலை ஷோகேஸைத் திறந்தார். விமானத்தைக் கையில் எடுத்தார். புருவம் சுருங்கியது.

"என்ன, கொஞ்சம் கனமா இருக்கே?"

பல்செட்டுக்காரர் கையிலிருந்த சாவியைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஊர் சுத்தினதுல உங்க கைதான் இளைச்சுப்போச்சு" என்றாள் மச்சினி, பெட்டியைப் பிரித்துக்கொண்டே.

சகலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "சொன்னா நம்பமாட்டீங்க சகலை. கொஞ்ச நாள் பாக்காம இருந்துட்டு இப்பப் பாத்தா, நான்தான் செஞ்சேன்னு என்னாலயே நம்ப முடியல!"

"என்னாலயும்தான்" என்றார் பல்செட்டுக்காரர்.

"இதைச் சும்மா வீட்டுல வெச்சிருக்கிறது தப்பு. போட்டிக்கு அனுப்பப்போறேன்."

அனுப்பினார். மாதிரி விமானங்களுக்கான போட்டி, பெரிய மண்டபம், வந்து குவிந்த விமானங்களில் முதல் பரிசு வீங்கிய கன்னத்துக்கு. நடுவர் மைக்கைப் பிடித்து, "இந்தக் கூண்டின் தெளிவை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. இறக்கை சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளிகூட இல்லை" என்றார். கூட்டம் கை தட்டியது. மாமியார் பல்செட் தெரியச் சிரித்தார்.

சகலை கோப்பையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். அதே குனிவு.

"எல்லாம் பொறுமைதான்" என்றார் மைக்கில்.

மனைவி பல்செட்டுக்காரரின் விலாவில் இடித்தாள். "பாத்துக் கத்துக்கங்க. நீங்களும் இருக்கீங்களே, கையில ஒரு சாமான் நிக்குதா?"

உலகத்தில் அடுத்தவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். தான் செய்த வேலையைப் பார்த்தே வயிறு எரிந்து உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வாயைத் திறந்தால் உடைத்த கதை வெளியே வரும். திறக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சகலை இரண்டாவது தடவை "பொறுமை" என்றபோது அவரால் முடியவில்லை. எழுந்து, பின் வரிசையில் தனியாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மச்சினியிடம் போனார்.

"இங்க பாரும்மா, மனசுல வெச்சுக்க முடியல. அது உன் வீட்டுக்காரர் செஞ்சது இல்ல, நான் செஞ்சது!"

மச்சினி போனைத் தாழ்த்தவில்லை.

"அவர் செஞ்சது உடைஞ்சுபோச்சு. நீங்க ஊர்ல இல்லாதப்போ ஷோகேஸைத் திறந்து எடுத்தேன், இறக்கை கையோட வந்துடுச்சு. தப்புதான். அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்து, பொழப்பை விட்டுட்டு ராப்பகலா உக்காந்து புதுசா செஞ்சு வெச்சேன். இப்ப எனக்கு ஒரு கைதட்டுகூட இல்ல!"

மச்சினி இன்னொரு போட்டோ எடுத்தாள். பிறகு அவர் பக்கமாகச் சாய்ந்து, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"சத்தம் போடாதீங்க அத்தான். தூசி தட்டும்போது இறக்கையை உடைச்சது நான்தான். சும்மா சொருகி வெச்சுட்டு, அதை எடுத்துப் பாக்காம உங்களால இருக்கவே முடியாதுன்னு தெரிஞ்சுதானே சாவியை உங்ககிட்ட குடுத்தேன்!"