பகல் ஒன்றரை மணிக்குக் காணாமல் போன ஓசோன்

பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பூமியோடு ஏழு வருடம் விடாமல் சண்டை போட்டவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. எங்களுக்கெல்லாம் அவன் ஓசோன்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் துறை கிளார்க். அவன் அங்கே ஆராய்ச்சி மாணவன். இருவருக்கும் ஒரே வயது. உலகம் முழுக்கக் காற்று எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மாடல்கள் இருக்கின்றனவாம். தரையை ஒட்டி எவ்வளவு ஓசோன் இருக்கும் என்று அவை சொல்வது மதுரைக்குச் சரியாக வருகிறதா என்று கருவி வைத்து அளந்து பார்ப்பதுதான் அவன் வேலை.

"ஓசோன் நல்லதுதானப்பா?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"மேல இருந்தா நல்லது மாப்ள. கீழ எறங்குச்சுன்னா நெஞ்சக் கரிக்கும். பழங்காநத்தத்துல பஸ்காரன் விடுற புகை இருக்குல்ல, அது கிட்டக்க இருக்குற ஓசோனத் தின்னுரும். அப்புறம் வெயில்ல காஞ்சுக்கிட்டே திருமங்கலம் வரைக்கும் போயி, அங்க புது ஓசோனா மாறி நிக்கும். புகை விடுறவன் ஒருத்தன், இருமுறவன் வேற ஒருத்தன்."

டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

மாடல் மீது அவனுக்கு இருந்த கோபம் சாதாரணக் கோபமல்ல. பூமியை அது பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண்தான் கொடுக்கும். மதுரை, கொடைக்கானல், கிழக்கே கொஞ்சம் கடல் எல்லாம் ஒரே கட்டம். அவன் திரையைப் பார்த்துக் கத்துவான். "ஏன்டா, ஸ்வெட்டர் போட்டுத் திரியிறவனும் நாங்களும் ஒண்ணாடா? சித்திரை மாசம் ஒரு நா இங்க வந்து நின்னு பாருடா!" புதிதாகச் சேர்ந்த பெருக்குகிற அம்மா, உள்ளே யாரையோ அடிக்கிறார்கள் என்று பயந்து வாட்ச்மேனைக் கூட்டி வந்துவிட்டார்.

மொட்டைமாடியில் வெப்பமானிப் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் வெயிலில் நிற்பான். சொந்த அக்காள் மகள் கல்யாணத்தில், ஹோமப் புகையிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் காற்று சுத்தம் என்று ஐயரிடமே கேட்டான். "நீங்க வெளில போயிட்டாலே சுத்தமாயிரும்" என்றார் அவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வில்லங்கம் வந்தது. வெயில் ஏற ஏற ஓசோன் ஏறும், பிற்பகலில் உச்சத்தில் நிற்கும் என்பது மாடல் கணக்கு. அவன் கருவி காட்டும் கோடோ பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளத்தில் விழும். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொள்ளும். துறையில் ஆளுக்கொரு பேச்சு. கருவி பழுது என்றார்கள், அவனுக்கு அளக்கத் தெரியவில்லை என்றார்கள். உதவித்தொகை நின்று ஒரு வருடமாகியிருந்தது. கடைசி நீட்டிப்பும் அந்த மாதத்தோடு சரி. தேர்வுக்குழு ஏற்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருடமும் போச்சு.

அந்தச் சமயத்தில் அவன் தினமும் ஒன்றரை மணிக்கு மாடி ஜன்னலில் தலையை நீட்டி, "மாப்ள, கெளம்பிட்டியா?" என்பான். பக்கத்துப் பள்ளியில் மழலையர் வகுப்பு டீச்சராக இருந்த என் மனைவியை அழைத்துப்போய் வீட்டில் விட நான் கிளம்பும் நேரம் அது. என் பழைய பைக், கால் மணி நேரம் உறுமாமல் ஓர் அடி நகராது. "இந்தா, போயிட்டு வாரேன்" என்பேன். அவன் எதையோ குறித்துக்கொள்வான். பாசக்காரப் பயல் என்று நினைத்துக்கொண்டேன்.

குழு கூடிய அன்று கையெழுத்து வாங்குவதற்காக நானும் அறையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நேராக அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"உள்ளூர்ப் புகை சார்."

"எங்கேருந்து வருது?"

ஓசோன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அந்த நேரத்த மட்டும் தள்ளிட்டுப் பாருங்க சார்."

"காரணம் சொல்லாம எப்படித் தள்றது? சொல்லலைன்னா இதை ஏத்துக்க முடியாது."

"ஒரு டூ-வீலர் சார். காத்து உறிஞ்சுற குழாய்க்கு நேர் கீழ நிக்கும். ஞாயித்துக்கிழமை பள்ளம் இல்ல, ஆயுத பூஜைக்கு இல்ல, நம்ம மாப்ளைக்குக் காய்ச்சல் வந்த ரெண்டு நாளும் இல்ல."

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வண்டிய நகத்தச் சொல்ல வேண்டியதுதானே? இல்ல, குழாயை மாத்த ஒரு லெட்டர் போட வேண்டியதுதானே?"

"லெட்டர டைப் அடிக்கிறதே இவன்தான் சார். படிச்சான்னா மறுநாளே வண்டியக் கொண்டுபோயி வெயில்ல விட்ருவான். காம்பவுண்டுல நெழலு அந்த ஒரு எடத்துலதான் இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "தங்கச்சி ஆறு மாசம் சார். கொதிக்கிற சீட்டுல எப்படி உக்காரும்?"

தேர்வாளர் அந்தக் கால் மணி நேரங்களை நீக்கிவிட்டுப் படத்தைப் போடச் சொன்னார். பிற்பகலில் மாடலும் கருவியும் கிட்டத்தட்ட ஒட்டி நின்றன. விடியற்காலையில் மட்டும், மலையையும் கடலையும் ஒரே கட்டத்தில் சேர்த்த மாடல் மதுரைக்கு ஓசோனைக் கூடுதலாகச் சொன்னது. அவன் ஏழு வருடமாகக் கத்தியதில் நியாயம் இருந்தது. ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "லூசாடா நீ? ஏழு வருஷ உழைப்புடா!" என்று கத்தினேன். "அதுக்குப் போயி கத்தாத மாப்ள, மணி ஒண்ணரை ஆச்சு, தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கும்" என்றான்.

இப்போது ஏதோ ஒரு வெளிநாட்டில் வேறொரு மாடலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறானாம். என் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு இன்னும் அவனைக் காட்டவில்லையே என்பதுதான் என் ஒரே குறை.