அழகுமுத்துவின் துவக்கும் மேலிடத்துச் சம்மதமும்

வாழிய, தேயிலைமலைத் திண்தோள் அழகுமுத்தே! ராகலைப் பனிமுகட்டில், மேட்டு லயக் குடியிருப்பின் வாயிலில், கரிபடிந்த இரும்புக்குழலொன்றை மரக்கட்டையோடு டயர்வாரால் பிணைத்து, காட்டுப்பன்றிக் குலமே கலங்குமென்று துப்பாக்கியாகத் தோளில் சார்த்தி நின்ற பேராண்மையே! நின் புகழ் பாடப் புகுந்தோம். எம் நா தடுமாறுவது பக்தியால், சிரிப்பாலன்று.

அத்துவக்கு ஒருநாளும் வெடித்ததில்லை. எனினும், உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தானென்று ஐம்பத்தேழாம் ஆண்டின் மாசிப்பனியில் பொலிஸ்படை வந்து பிடித்துச் சென்ற அக்கணமே, கொழுந்து நிறுக்கும் தராசடியில்கூட எவரும் மதியாதிருந்த அந்நோஞ்சான் மாவீரனானான். பிணையில் மீண்டவனைக் கண்டதும் தேநீர்க்கடை முனாப் முழங்கினார்:

"வாங்க வேட்டைக்காரரே! டேய், பெஞ்ச விட்டு எழும்புங்கடா, கேஸ்காரர் உக்காரட்டும்!"

வழக்கு நிலைத்தால் பட்டமும் நிலைக்கும். சிறையே கிடைப்பினும் சிறப்பென்றிருந்தான் வீரன். ஆனால், ஐயகோ! அவனைக் குற்றவாளியாக்கவும் அரசாங்கச் சட்டத்துறை மேலிடம் சம்மதிக்க வேண்டுமாம்! தவணைதோறும் வெள்ளைவேட்டி தரித்து, களம்புகும் களிறென நுவரெலியா நீதிமன்றுக்குப் பஸ்ஸேறுவான். தவணைதோறும் பொலிஸ் சார்ஜன் எழுந்து, "சம்மதம் இன்னும் வரல்லங்க" என்பார்.

வீட்டிலோ வேறொரு போர். அடுப்பூதும் குழல் தொலைந்த நாள்முதல் வெறும்வாயால் ஊதி ஊதிக் கண்சிவந்த அவன் இல்லாள் அம்மாக்கண்ணு, "எடுத்தவ கை வெளங்குமா!" என்று சுவரொட்டிய அடுத்த காம்பராவில் குடியிருந்த ராசம்மாவை நோக்கிச் சொல்லம்பு மாரி பொழிவாள். அவ்வேளைகளில் மட்டும் எம் மறவன் வெற்றிலை மெல்வதில் மூழ்கியிருப்பான்.

வந்தது ஒருநாள் மேலிடத்து மறுமொழி. குழலின் இருமுனையும் திறந்திருப்பதால் இது சுடாது, ஆயுதமே அன்று, வழக்குக்குச் சம்மதமில்லை! நீதவான் விடுதலை வழங்கவும், கூண்டுவேங்கை மலைகள் அதிரக் கர்ஜித்தது:

"தொரை! அது துவக்குதாங்க! நான் குத்தவாளிதாங்க! இன்னொருக்கா நல்லாப் பாருங்க!"

"சும்மா வீட்டுக்குப் போங்க அழகுமுத்து," என்றார் சார்ஜன், துவக்கை அவன் கையில் திணித்து. "இந்தச் சாமானையும் கொண்டு போங்க."

முடியிழந்த மன்னனென மீண்டவனுக்கு முனாப் கடைப் பெஞ்சில் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. வாயிலில் துவக்கை வாங்கிய அம்மாக்கண்ணு, டயர்வாரை அவிழ்த்தாள். குழலை ஒருமுறை உற்று நோக்கினாள்.

"அடப்பாவி மனுசா! பாவம் ராசம்மா, அவளயில்ல நான் இத்தன நாளா ஏசிக்கிட்டிருந்தேன்!"

அன்றைக்குச் சோறு சீக்கிரம் வெந்தது.