பூட்டு அண்ணையும் கொதித்த பொய்லரும்

ஜெர்மனி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பூட்டு அண்ணையைப் போல ஒரு சிக்கனக்காரர் அகப்படமாட்டார். ஹம் நகரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்தார். தண்ணீர்க் குழாயோ ஹீற்றரோ, திறந்திருப்பதைக் கண்டால் திருகிப் பூட்டாமல் நகரமாட்டார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும் முன்பே மண்டபம் குளிர்ந்துவிடும்.

எங்கள் மகள் பிறந்தது மார்கழியில். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த கிழமையே, வீட்டு ஹீற்றர்களுக்கெல்லாம் சுடுதண்ணீர் அனுப்பும் நிலவறைப் பொய்லர் படுத்துவிட்டது. சூடு கூடிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரியும். பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு மறுபடியும் நின்றுவிடும். வீடு விறைக்கிறது, இதற்கு மட்டும் சூடு கூடிவிட்டதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பளித் தொப்பியோடு வந்த பூட்டு அண்ணை பொய்லரில் காதை வைத்துக் கேட்டார்.

"இவருக்குக் காய்ச்சல் தம்பி. தண்ணி காணுமோ எண்டு பாருங்கோ."

தண்ணீர் போதுமான அளவு இருந்தது. பம்பைத் தட்டிப் பார்த்தோம், அதுவும் ஓடியது. நாள் நேரம் கேட்டு ரெர்மின் எடுத்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வீடு முழுக்கப் பார்த்து முடிக்கும்வரை பொய்லர் நல்ல பிள்ளையாக ஓடியது. அவர் போன கையோடு சிவப்பு விளக்கு. மறுபடி அழைத்தேன், மறுபடியும் அதே கூத்து.

மனைவி பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பையை அடுக்கத் தொடங்கினாள்.

"இனி ஏலாதப்பா. நான் பிள்ளையோட வுப்பர்டாலுக்கு அக்கா வீட்டை போறன்."

கடைசி முயற்சியாக மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஹீற்றர்களைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? சுடுதண்ணீர் போக இடமில்லாவிட்டால் பொய்லர் தன் சூட்டிலேயே கொதித்து நின்றுவிடும்" என்றார். மேலே நாங்கள் பிள்ளையின் அறை ஹீற்றரை மட்டும்தான் திறந்திருந்தோம். அப்படியென்றால் கீழே?

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். வீட்டுக்குள்ளேயே கோட்டும் கையுறையும் போட்டபடி அண்ணை நின்றார். அறைக்கு அறை ஹீற்றர்கள் ஐஸாகக் கிடந்தன.

"ஏன் அண்ணை எல்லாத்தையும் பூட்டினனீங்கள்?"

"நான் பூட்டினால் என்ரை பங்குச் சூடும் மேலை பிள்ளைக்கு வருமெல்லோ?"

"அப்ப மெக்கானிக் வந்த நேரம்?"

"வீட்டுக்கு வந்த மனிசனைக் குளிரிலை நிக்க விடுறதே? எல்லாத்தையும் திறந்துவிட்டனான்."

திட்ட வாயெடுத்தவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இருவருமாக மேலும் கீழும் ஓடி எல்லா ஹீற்றரையும் திறந்தோம். அதன்பிறகு பொய்லர் நிற்கவில்லை. மனைவியும் பையை அவிழ்த்தாள்.

பூட்டு அண்ணை இப்போது ஸ்டுட்கார்ட்டில் மகனோடு இருக்கிறார். குளிர் தொடங்கியதும் அவரிடமிருந்து அழைப்பு வரும்.

"தம்பி, பிள்ளைக்குச் சூடு வருதோ?"

பிள்ளை கார் ஓட்டப் பழகுகிறாள்.

"ஓம் அண்ணை, நல்லா வருது. நீங்கள் உங்கடை ஹீற்றரைத் திறந்து வையுங்கோ" என்பேன்.