கடலைப் பார்த்துப் போட்ட நாற்காலிகள்

திருவனந்தபுரம்,
ஈஸ்டருக்கு மறுநாள், திங்கள்.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி அருமைநாயகம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் இங்கே சரீரத்தில் சுகம், மானத்தில் சுகமில்லை. உங்கள் சர்க்கரையும் அண்ணி தாசம்மாளின் முழங்காலும் கிருபையால் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை நான் தூத்துக்குடிக்கே திரும்பி வந்துவிடுகிறேன். மாடி அறையில் அண்ணி பரப்பி வைத்திருக்கும் வத்தலை அள்ளிவிட்டுக் கட்டிலைத் துடைத்து வையுங்கள். காரணத்தை எழுதக் கை கூசுகிறது.

நான் மகள் ஜெபமலரின் வீட்டோடு வந்து மூன்று மாதம் ஆகிறது அல்லவா. சம்பந்தியம்மா சுசீலாபாய் இங்குள்ள தமிழ்ச் சபையில் பெண்கள் ஐக்கியத் தலைவி. ரிட்டையரான மனுஷன் ஈசிசேருக்குப் பாரம் என்பது அவர்கள் கொள்கை. வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் உட்கார்ந்திருக்க என்னைச் சுற்றிப் பெருக்குவார்கள். நானும் ஒரு காரியத்துக்கு உதவுவேன் என்று காட்டினால்தான் இந்த வீட்டில் தங்க முடியும் என்று தெரிந்துபோச்சு. அதனால் போதகர், ஈஸ்டர் அதிகாலை ஆராதனையை இந்த வருஷம் முதல்தடவையாகச் சங்குமுகம் கடற்கரையில் வைப்போம், யார் ஏற்பாடு பண்ணுவது என்று கேட்டதும் எழுந்துவிட்டேன். எழுந்தவன் சும்மா இருந்திருக்கலாம். கர்த்தர் சூரியனையும் சந்திரனையும் வானத்தில் வைத்ததே நாம் நாளையும் வருஷத்தையும் அறியத்தான், ஈஸ்டர் தேதியையே பௌர்ணமியை வைத்துத்தானே குறிக்கிறோம், உயிர்த்தெழுந்த காலையில் கைக்கடிகாரம் எதற்கு என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்துவிட்டேன்.

நேற்று விடியுமுன் நூறு பிளாஸ்டிக் நாற்காலியைக் கடலைப் பார்த்து வரிசையாகப் போட்டேன். வந்தவர்களின் கடிகாரம், போன் எல்லாவற்றையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தேன். சூரியன் கடலில் தலைகாட்டியதும் நான் தூக்கிய கையை இறக்குவேன், பாடகர் குழு அல்லேலூயா எடுக்கவேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன், கடலுக்குள்ளிருந்து சூரியன் வருவதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! வானம் வெளுத்தது. கை மரத்துப்போச்சு, இடக்கையால் முட்டுக் கொடுத்தேன். மேகம் மறைக்கிறது என்று நினைத்தேன். எங்களைப் பார்த்து நின்ற போதகரின் முகம் மட்டும் தகதகவென்று ஜொலித்தது, கண்ணில் தண்ணீர். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நானும் கலங்கினேன். பிடரி ஏன் இப்படிச் சுடுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம், யோசிக்கலையே அண்ணன். அப்போது பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஷைஜு என்கிற மீன்பிடிக்காரத் தம்பி வந்து, யாருக்காகக் காத்து நிற்கிறீர்கள் என்று விசாரித்தான். சூரியனுக்கு என்றேன்.

"சூரியன் அவிடெயல்ல மாமா. வந்நிட்டு கொறே நேரமாயி" என்று என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினான். சூரியன் அங்கே இல்லையாம், வந்து வெகு நேரம் ஆகிவிட்டதாம்.

நூறு பேரும் திரும்பினோம். விமான நிலையத்து மதிலுக்கு மேலே சூரியன் ஒரு பனை உயரம் ஏறி நிற்கிறது. இது மேற்குக் கடல். இங்கே சூரியன் கடலில் விழும், எழாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நாற்காலி பார்த்த பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால், ஏற்பாடு பண்ணினவருக்குத் தெரியாதா என்று நினைத்தார்களாம். போதகர் சூரியனை எதிரேயே பார்த்திருக்கிறார். நான் கையை இறக்கவில்லையே என்று காத்திருந்தாராம்! பிறகு அவர் ஒன்று சொன்னார்: கல்லறையைப் பார்த்து அழுத மகதலேனா மரியாளும் திரும்பிய பிறகுதான் உயிர்த்தவரைக் கண்டாள், நாமும் திரும்பிவிட்டோம், பாடுங்கள். பாடினார்கள் அண்ணன், அலைச் சத்தமே கேட்கவில்லை. வரும்போது ஆட்டோவில் ஜெபமலர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள். பெற்ற பிள்ளையை ஈஸ்டரன்று அழவைத்துவிட்டேன். வீடு வந்ததும் சம்பந்தியம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. கிழக்கே கடலுள்ள ஊரில் கர்த்தர் உங்களை நெடுங்காலம் வைத்திருப்பாராக.

தம்பி,
அருமைநாயகம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சம்பந்தியம்மா ஆப்பத்தோடு வந்தார்கள். ஜெபமலர் ஆட்டோவில் அழவில்லையாம், சிரிப்பை அடக்கினாளாம். "முப்பது வருஷமா ஈஸ்டருக்கு வாட்சத்தான் பாத்துட்டிருந்தோம். நேத்துதான் சூரியனப் பாத்தோம். அடுத்த வருஷமும் நாற்காலிய நீங்கதான் போடணும். கடலப் பாத்தே போடணும், கேட்டோ" என்றார்கள். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டேன். வத்தல் அங்கேயே இருக்கட்டும்.